தேவனாரா, புனேயா?

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பொறியியலைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியுமே இருக்கும். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எவ்வளவு செலவாகும், முடித்தவுடன் வேலை உண்டா என்று அன்பர்கள் கேட்பார்கள். நாமும் அறிந்தவற்றைச் சொல்லுவோம். சென்ற திங்கள் வந்த கேள்வி அவ்வகையினது அன்று. அது கடிதமாகவும் வரவில்லை, சைக்கிளில் வந்தது.

கோவண்டி நிலையத்திற்கு அருகே குடியிருக்கும் நண்பர் ஒருவர் உளர். விடியுமுன் இட்லியும் வடையும் செய்து முடித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பூர்த் தெருக்களில் விற்று வருபவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவருடைய பெற்றோர் காலத்தில் குடும்பம் இந்நகருக்கு வந்தது. ஒருநாள் முற்பகல், பாத்திரம் ஒழிந்த கையோடு என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மகளுக்கு இரண்டு இடத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று நம் தேவனாரில், மற்றொன்று புனேயில். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். இரண்டும் சினிமாவோடு சேர்ந்த படிப்பு என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள்தாம் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

அவருடைய மகள் பௌதிகத்தில் பட்டம் பெற்றவள். அக்குடும்பத்தின் முதற் பட்டதாரி. தேவனாரில் அவளுக்கு இடம் கிடைத்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், ஊடகமும் பண்பாடும் பற்றிய முதுகலைப் படிப்பில். புனேயில் கிடைத்தது இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில், ஒலிப்பதிவுப் பிரிவில். இவ்விரண்டில் ஒன்று கிடைப்பதே அரிது. இரண்டும் ஒருங்கே கிடைத்தது அவளுடைய உழைப்பின் பயன். ஆனால் அந்தத் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது.

நான் சற்றும் ஆராயாமல், "தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேவனார் நடந்து போகும் தொலைவு. வீட்டுச் சோறு, இரவு வீட்டில் படுக்கை, இரண்டே ஆண்டில் எம்.ஏ. பட்டம். அங்கேயே சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் மனம் தெளிந்தவராய்ப் போய்விட்டார். அன்று மாலையே அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "பெரியப்பா, தேவனாரே நல்லது என்று நீங்கள் சொன்னீர்களாம். இருக்கலாம். ஆனால் ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டும்" என்று கேட்டாள். தொலைவையும் சோற்றையும் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, இவ்விரு நிலையங்களைப் பற்றியும் முறையாக எண்ணத் தொடங்கினேன். அதன் பயனை அன்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் அண்டை வீட்டைப் பார்ப்போம். தேவனார் நிறுவனம் 1936ஆம் ஆண்டு சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் சமூகப் பணிக் கல்லூரியாகத் தோன்றியது. 1944இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1954இல் தேவனாருக்குக் குடிவந்தது. 1964இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதியை அடைந்தது. நாள்தோறும் அதன் மதிலை ஒட்டி நடந்து போகிறோம்; உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? சமூகப் பணியோடு, ஊடகக் கல்விக்கும் அங்கே ஒரு தனிப் பள்ளி உண்டு. மாணவர்கள் சமூகத்தைக் கற்பார்கள், ஆய்வு முறையைக் கற்பார்கள், ஆவணப் படமும் எடுப்பார்கள். அங்கே நெடுங்காலம் ஆசிரியர்களாக இருந்த கே. பி. ஜெயசங்கர், அஞ்சலி மொன்டேரோ ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு 'நாதா' என்னும் ஆவணப் படத்தை எடுத்தார்கள். தாராவியில் கலவரத்தால் பிரிந்த மக்களை ஒன்று சேர்க்கப் பாடுபட்ட பாவு கோர்டே, வக்கார் கான் என்னும் இரு நண்பர்களைப் பற்றியது அப்படம். தாராவியைக் குப்பையாகவும் குற்றமாகவும் மட்டுமே காட்டிய படங்களுக்கு நடுவே, அங்கே வாழும் மனிதரை மனிதராகக் காட்டிய படம் என்று அதனைச் சொல்லலாம். தேவனார் தரும் கல்வி எத்தகையது என்பதற்கு இதுவே சான்று. யாரைப் பற்றிப் படம் எடுக்கிறோம், அவர்களிடம் எதைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பதே அங்கே முதற் பாடம்.

அடுத்து, நம் முதியோர் பூனா என்று வழங்கும் புனே. தேவனார் நிறுவனம் பிறந்த அதே 1936ஆம் ஆண்டில், புனேயில் பிரபாத் கம்பெனியார் 'சந்த் துக்காராம்' என்னும் மராத்திப் படத்தை வெளியிட்டார்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் அது பாராட்டுப் பெற்றது. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி நலிந்து மூடிவிட்டது. அதன் ஸ்டூடியோ நிலத்திலேயே மைய அரசு 1960இல் திரைப்படக் கல்லூரியை அமைத்தது. 1974இல் தொலைக்காட்சிப் பயிற்சியும் அதனுடன் சேர்ந்தது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, கலை இயக்கம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இவை மூன்றாண்டுப் படிப்புகள். பட்டம் பெற்றவரே சேரலாம். ஒவ்வொரு பிரிவிலும் இடங்கள் மிகச் சிலவே. 1964இல் தோன்றிய தேசியத் திரைப்படக் காப்பகமும் அதே ஊரில் இருப்பதால், உலகத்துச் சிறந்த படங்களைத் திரையில் கண்டு கற்கும் வாய்ப்பும் மாணவர்க்கு உண்டு. 2025ஆம் ஆண்டில் இக்கல்லூரியும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஆகவே, 'அங்கே கிடைப்பது வெறும் டிப்ளமா, இங்கே கிடைப்பது பட்டம்' என்று பெற்றோர் முன்னர்க் கூறிவந்த தடை இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது.

புனேக் கல்லூரியில் படித்தோரின் பெயர்களைச் சொன்னால் நம் வீட்டாருக்கு வியப்பாக இருக்கும். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிலிருந்து வந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு கற்று 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தவர். 'அக்ரஹாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப் படத்தை 1977இல் தந்த ஜான் ஆபிரகாமும் அக்கல்லூரி மாணவரே. மும்பையில் பிழைக்க வந்த கேரளத்துச் செவிலியரைப் பற்றிய படத்திற்காக 2024இல் கான் விழாவின் கிராண்ட் பிரிக்ஸ் பரிசு பெற்ற பாயல் கபாடியாவும் அங்கே பயின்றவர். ஒலிப்பதிவுக்கு ரசூல் பூக்குட்டியைச் சொல்ல வேண்டும். கொல்லம் மாவட்டத்துச் சிற்றூரில், வறிய குடும்பத்தில், எண்மருள் இளையவராகப் பிறந்தவர் அவர். நம் பெண்ணைப் போலவே பௌதிகம் படித்துவிட்டுப் புனே சென்றவர். மும்பைச் சேரியில் வளர்ந்த சிறுவனின் கதையைச் சொன்ன 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்காக 2009இல் ஆஸ்கார் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இத்தனையும் சொன்ன பின், மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. புனேயில் மூன்றாண்டுப் படிப்பு மூன்றாண்டில் முடியாமல் நீண்டுபோன காலங்கள் உண்டு. 2015இல் மாணவர் வேலைநிறுத்தம் 139 நாட்கள் நடந்தது. படித்தவர் எல்லோரும் புகழ் பெறுவதில்லை. பரிசு பெற்ற பெயர்களைச் சொல்லுகிறோம், பெறாத பெயர்கள் நமக்குத் தெரியா. படிப்பு முடிந்தபின் திங்கள் சம்பளம் என்பது உறுதியில்லை. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே வெறுங்கையோடு இருக்கும் நாட்கள் வரும். தேவனாரில் படித்தவர் ஆசிரியப் பணிக்கோ, பத்திரிகைக்கோ, தொண்டு நிறுவனத்திற்கோ போக வழியுண்டு. இட்லிப் பாத்திரத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய வேறுபாடு அன்று.

தவணை முடிந்தபோது அந்தப் பெண்ணை அழைத்து, "நீ எடுத்த படம் ஏதேனும் உண்டா, அம்மா?" என்று கேட்டேன். கைப்பேசியில் தானே எடுத்த ஒரு சிறு படத்தைக் காட்டினாள். சீட்டா கேம்ப்பில் பெரியப்பன் வீட்டில் வாழும் தன் பாட்டியைப் பேசவைத்து எடுத்தது. அன்பர்களில் முதியோர்க்கு அக்கதை தெரியும். அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சதுப்பு நிலத்திற்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அதுவே இன்றைய சீட்டா கேம்ப். அன்று கைக்குழந்தையோடு போன பாட்டி, முதல் இரவை எப்படிக் கழித்தாள் என்று பேத்தி கேட்கிறாள். அரசாங்கம் என்ன செய்தது என்று அவள் கேட்கவில்லை, "அன்று இரவு என்ன சமைத்தாய், பாட்டி?" என்று கேட்கிறாள். பாட்டி சிரிக்கிறாள். பிறகு சற்று நேரம் பேசாமல் இருக்கிறாள். பிறகு பதில் சொல்லுகிறாள்.

ஆனால் அந்தப் பதில் எனக்குக் கேட்கவில்லை. தெருவில் போன வண்டியின் ஒலியும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும், குழாயடிக் கூச்சலும் சேர்ந்து பாட்டியின் குரலை விழுங்கிவிட்டன. மூன்று முறை திருப்பிப் போட்டும் இரண்டு சொற்களுக்கு மேல் பிடிபடவில்லை.

"பாட்டி என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும், பெரியப்பா, பக்கத்தில் இருந்தேனே. ஆனால் படம் பார்ப்பவருக்குத் தெரியாது. மறுபடி கேட்டு எடுக்கலாம் என்று போனேன். பாட்டி இப்பொழுது அதையெல்லாம் மறந்துவிட்டாள்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விடை கிடைத்தது. தேவனார், எதைக் கேட்பது என்று கற்பிக்கும் இடம். புனே, கேட்டதைக் கேட்கும்படி பதிவு செய்யக் கற்பிக்கும் இடம். இரண்டும் வேண்டியவையே. ஒரு மாணவன் இவற்றுள் எதைத் தேர்வது என்றால், தன்னிடம் இல்லாதது எது என்று முதலில் அறிய வேண்டும். இந்தப் பெண்ணிடம் கேள்வி இருக்கிறது. கோவண்டியில் பிறந்து, குழாயடியில் வரிசையில் நின்று, பாட்டியின் மடியில் வளர்ந்தவளுக்கு அதனைப் பிறர் கற்பிக்க வேண்டிய தேவை குறைவு. அவளிடம் இல்லாதது கைத்தொழில். வசதியான வீட்டில் பிறந்து, படங்களைப் பார்த்தே வளர்ந்து, கருவிகளைக் கையாளத் தெரிந்து, ஆனால் சொல்லுதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளை ஒருவன் என்னிடம் வந்திருந்தால், தேவனாருக்கே போ என்று அவனுக்குச் சொல்லியிருப்பேன். ஆகவே, இருவரும் சினிமா விரும்புகிறார்கள் என்பதற்காக இருவருக்கும் ஒரே மருந்து ஆகாது.

இவ்வரிசையை மாற்றியும், இரண்டையும் சேர்த்தும் கற்றோர் உண்டு. அடூர் கோபாலகிருஷ்ணன் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பொருளாதாரமும் அரசியலும் பொது நிர்வாகமும் படித்தவர். சிறிது காலம் அரசுப் பணியில் இருந்து, 1962இல் அதனை விட்டுப் புனேக் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் ஊரைக் கற்றார். பிறகு திரையைக் கற்றார். இவ்விரு வாயில்களில் எதனுள்ளும் போகாமல் வென்றவரும் உண்டு. நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டத்து எளிய குடும்பத்தில் பிறந்தவர். இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகரில் ஒரு சாதாரணக் கல்லூரியில் ஊடகப் படிப்புப் படிக்கையில், பாடப் பணியாக எடுத்த குறும்படத்தால் தேசிய விருது பெற்றார். எனவே இவ்விரண்டு இடங்களும் கிடைக்காத பிள்ளைகள் மனம் தளர வேண்டா.

நண்பரின் வீட்டிற்கு ஞாயிறன்று சென்று, என் முதற் சொல்லை நானே மறுத்தேன். அவர் திகைத்தார். பிறகு தம் மனத்தில் இருந்ததை வெளியிட்டார்: "அண்ணாச்சி, சினிமாப் படிப்பு என்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? நாளைக்கு ஒரு வரன் வந்தால் நான் என்ன சொல்லுவேன்?" அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஊர் விட்டு ஊர் வந்து மானத்தோடு வாழ்ந்த குடும்பம். திரையில் தோன்றுவது வேறு, திரைக்குப் பின்னே கருவியோடு உழைப்பது வேறு என்று விளக்கினேன். ஒலிப்பதிவு என்பது பௌதிகத்தின் ஒரு கிளை என்றேன். பட்டம் பெற்ற பெண் அதனைக் கற்பது, வேறொருத்தி ஆய்வுக்கூடத்தில் வேலை கற்பதைப் போன்றதே என்றேன். அவர் பாதி ஒப்பினார். மீதிப் பாதிக்குத் தம் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் அதுவரை வாய் திறக்கவில்லை. சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "தேவனாருக்குப் போனால் வீட்டில் இருப்பாள். வீட்டில் இருந்தால் விடியற்காலை மாவுக்கும் அடுப்புக்கும் நான் கூப்பிடுவேன். கூப்பிடாமல் என்னால் இருக்க முடியாது. படிக்கிற பெண் எப்பொழுது படிப்பாள்? புனேக்குப் போகட்டும். வாரக் கடைசியில் வேண்டுமானால் வந்து மாவு ஆட்டட்டும்" என்றார். அண்மை என்பதை நான் ஆதாயமாக மட்டுமே கணக்கிட்டிருந்தேன். அதன் விலையை அந்தத் தாய்தான் அறிந்திருந்தார்.

இனி, இவ்வகைத் தேர்வை எதிர்நோக்கும் குடும்பங்களுக்குச் சில செய்திகள். தேவனார்ப் படிப்புக்குத் தேசிய அளவிலான முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். புனேக்கு எழுத்துத் தேர்வும், அதன்பின் நேரில் ஆராயும் சுற்றும் உண்டு. பிரிவுக்குப் பிரிவு தகுதி வேறுபடக்கூடும். ஆகவே அவ்வாண்டு அறிவிப்பை முழுதும் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே திரைத் தொழில் கற்க விரும்புவோர்க்குச் சென்னைத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் ஏற்றது. தாய்மொழிச் சூழலும் அங்கே உண்டு.

குடிபெயர்ந்த நமக்கு உரிய செய்தி ஒன்றும் உளது. பட்டியல் சாதிச் சான்று கேட்டால், 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாளுக்கு முன்னரே குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்கு ஆதாரம் எங்கே என்று மகாராஷ்டிர அதிகாரிகள் வினவுவதை நம்மில் பலர் அறிவோம். அதனாலேயே பலர் எவ்வகை ஒதுக்கீடும் நமக்கு இல்லை என்று சோர்ந்துவிடுகின்றனர். அது தவறு. குடிபெயர்ந்தவர் தம் பூர்வீக மாநிலத்தைச் சார்ந்த பட்டியலினராகவே கருதப்படுகிறார். மாநிலச் சலுகை இங்கே கிடைக்காவிடினும், மைய அரசின் ஒதுக்கீட்டை அவர் கோரலாம். தேவனாரும் புனேயும் மைய அரசைச் சார்ந்தவை. தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சான்றைக் காட்டி, குடிபெயர்ந்தோர்க்குரிய படிவத்தில் இங்கேயே சான்று பெற வழியுண்டு. இதற்குத் திங்கள் பல ஆகலாம். விண்ணப்பத்திற்கு முந்திய ஆண்டே முயலுதல் வேண்டும். உதவித் தொகையை எந்த மாநிலத்தின் வழியாகக் கோருவது என்பதையும், விடுதிக் கட்டணம் எவ்வளவு, எப்போது கட்டுவது என்பதையும் சேருமுன்பே நிறுவன அலுவலகத்தில் கேட்டுத் தெளிக. பாதியில் பணம் இல்லாமல் திரும்பி வருவது, போகாமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய துன்பம்.

படம் விரும்பும் பிள்ளைகள் கல்லூரிக்குக் காத்திராமலே செய்யத்தக்கவையும் உண்டு. பெடர் சாலையில் 2019இல் திறக்கப்பட்ட இந்தியத் திரைப்படத் தேசிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1990 முதல் மும்பையில் ஆவணப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் அசைவூட்டப் படங்களுக்குமாக நடந்துவரும் சர்வதேச விழாவுக்குப் போங்கள். செம்பூரில் ராஜ் கபூர் 1948இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ 2017இல் தீக்கு இரையாகி, பின்னர் விற்பனையாகி மறைந்துவிட்டது. நம் தெருவின் சினிமா போய்விட்டது என்று முதியோர் வருந்துகின்றனர். தெருவே இருக்கும்போது சினிமா எப்படிப் போகும்? தாராவியைப் பற்றி, மாட்டுங்காவைப் பற்றி, கோவண்டியைப் பற்றிப் பிறர் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். நம் பிள்ளைகள் எடுக்கும் நாளும் வர வேண்டும் அல்லவா?

அந்தப் பெண் புனே விடுதியில் சேர்ந்துவிட்டாள். போகும் நாளில் தாதர் நிலையத்தில் வண்டி ஏற்றிவிடப் போயிருந்தேன். தந்தை இலையில் பொதிந்த இட்லியைக் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. நான், "முதல் விடுமுறைக்கு வந்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"சீட்டா கேம்ப்புக்குப் போவேன், பெரியப்பா. பாட்டிக்கு மறந்தது போக, இன்னும் எவ்வளவோ இருக்கிறது" என்றாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். கல்லூரி திறக்கும்வரை காத்திராமல், இன்று மாலையே அவளருகில் அமருங்கள். தொலைக்காட்சியை மட்டும் நிறுத்திவிட்டு அமருங்கள்.